தாளத்தைத் தின்ற பெட்டி

நான் காதால் சோறு தின்றவன். அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, பிறகு மேஸ்திரியாகி, இருபத்திரண்டு வருடம் ரிங் ஃபிரேம்களுக்கு நடுவே நடந்திருக்கிறேன். ஒரு மிஷினில் நூலை முறுக்கிச் சுற்றும் நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒன்றாகச் சுழலும். அதில் ஏதோ ஒன்றின் பேரிங் தேயத் தொடங்கினால், நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ஒவ்வொரு கதிரின் அடியிலும் வைத்து, அதன் பிடியைக் காதுக்கு அருகே எலும்பில் அழுத்திக்கொள்வேன். கண்ணை மூடிக்கொள்வேன். நான் கை காட்டும் கதிரைக் கழற்றிப் பார்த்தால் பேரிங் போயிருக்கும். வெளியூரிலிருந்து ஆள் வந்தால் மேனேஜர் என்னைக் காட்டி, "இவுக காதுதான் எங்க மில்லுக்கு டாக்டர்" என்பார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

மில்லுக்குள் பேச்சு எடுபடாது. கையும் உதட்டசைவும்தான் அங்கே பாஷை. ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால் 'ஓடுகிறது' என்று அர்த்தம். உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே அமுக்கினால் 'நிறுத்து'. இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. கல்யாணமான புதிதில் இதையெல்லாம் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பெண்கள் பக்கம் பாடகர் குழுவோடு அவள் உட்கார்ந்திருப்பாள். பிரசங்கம் நீண்டுகொண்டே போகும்போது, ஆண்கள் பக்கமிருந்து நான் விரலை லேசாகச் சுற்றிக் காட்டுவேன். இன்னும் ஓடுது. அவள் தலையைக் குனிந்துகொள்வாள். தோள் மட்டும் குலுங்கும்.

எண்பதுகளில் எங்கள் வீட்டில் ஒரு டேப் டெக்கும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் மரப்பெட்டியில் அடைத்த இரண்டு ஸ்பீக்கரும் இருந்தன. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பஜாரில் ரேடியோ கடை வைத்திருந்த மெக்கானிக்கின் கைவேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கி, மத்தியானம் எழுந்து, தலைமுடியில் இன்னும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்க, வெறும் தரையில் படுத்துக்கொண்டு பாட்டுக் கேட்பேன். வெளியே கரிசல் காடு வெயிலில் வெந்துகொண்டிருக்கும். ஜன்னலில் போட்ட ஈரச்சாக்கு வழியாகக் காற்று வரும். பாட்டு எங்கிருந்து வருகிறது, தூக்கம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த மத்தியானங்கள் எல்லாம் ஒரே மத்தியானமாகத்தான் இப்போது நினைவில் இருக்கின்றன.

ஆம்ப்ளிஃபயரில் 'ட்ரெபிள்' என்று ஒரு திருகு இருந்தது. கீச்சென்ற மேல்சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் அது. வாங்கியபோது நடுவில் இருந்தது. வருடத்துக்குக் கொஞ்சமாக வலப்பக்கம் நகர்ந்து, ஒரு கட்டத்தில் கடைசியில் போய் முட்டி நின்றது. டேப் பழசாகிவிட்டது, அதனால் சத்தம் மங்குகிறது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மெக்கானிக்கை விரட்டி இரண்டு தடவை ஸ்பீக்கரை மாற்ற வைத்தேன்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். நான் பாட்டுப் போட்டால் மனைவி எழுந்து போய்விடுவாள். எம்.ரெட்டியபட்டியில் பள்ளிக்கூட வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி, காப்பி குடித்து, நான் பட்டனை அமுக்கியதும் சுளகில் மிளகாய் வத்தலை அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் போவாள். காம்பு கிள்ளுவாள். கிள்ள வத்தல் இல்லாவிட்டால் புளியில் கொட்டை எடுப்பாள். கூப்பிட்டால், "நீங்க கேளுங்க, எனக்கு வேல கெடக்கு" என்பாள். சர்ச்சில் அத்தனை உருகிப் பாடுகிறவளுக்கு வீட்டில் கூட உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்க மனசில்லையே என்று இருக்கும். சமைக்கத் தெரிந்தவளுக்குச் சாப்பிடத் தெரியவில்லை என்று கேலி பேசுவேன். அவள் சிரித்துவிட்டுப் போவாள்.

இன்னொன்றும் அந்த வருடங்களில் நடந்தது. எங்கள் வீடு ஊர்க்கடைசியில். கொல்லைக்குப் பின்னால் வேலிக்கருவை மண்டிக் கிடக்கும். குடிவந்த புதிதில், பொழுது சாயும் நேரம் அதற்குள்ளிருந்து சில்வண்டுகள் விடாமல் இரையும். அப்புறம் வரிசையாக மழை பொய்த்தது. திருச்சுழியில் குண்டாறு வெறும் மணலாகக் கிடந்தது. பரளச்சிப் பக்கம் மனைவி வீட்டார் விதைத்த பருத்தி முழங்கால் உயரம்கூட வராமல் காய்ந்தது. கொல்லையில் சில்வண்டுச் சத்தமும் குறைந்து குறைந்து ஒரேயடியாக நின்று போனது. "மழையில்லேன்னா மனுசன் என்ன, பூச்சி பொட்டு கூட இருக்காது. சில்வண்டெல்லாம் செத்தே போச்சுய்யா" என்று டீக்கடையில் சொல்வேன். யாரும் மறுத்ததில்லை. ஒன்றிரண்டு பேர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டீயைக் குடித்தார்கள். எங்கள் சீமையில் எது இல்லாமல் போனாலும் பழி மழை மேல்தான். பஸ் வராவிட்டால்கூட மழையைத் திட்டுகிற ஊர்.

தொண்ணூறுகளில் மனைவியின் தம்பி சிங்கப்பூரில் வேலைக்குப் போனான். முதல் லீவில் வந்தபோது ஒரு சி.டி. பிளேயர் கொண்டுவந்தான். இரண்டு வருடம் ராஜா மாதிரி பாடியது. பிறகு ஒருநாள் சத்தம் கரகரத்து, உடைந்து, நின்றது. சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பஜாருக்குப் போனேன். மெக்கானிக் திறந்து வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"தட்டுல இருக்கறத நல்லாத்தான் படிக்குது அண்ணாச்சி. அதுல இருக்கறது பூராம் நம்பரு. அந்த நம்பரச் சத்தமா மாத்துற சில்லுதான் போயிருச்சு" என்றார். பிளேயரின் முதுகில் இருந்த ஒரு துளையைக் காட்டினார். "நம்பரு இது வழியா அப்படியே வெளிய வருது பாருங்க. அத வாங்கிச் சத்தமா மாத்த தனிப் பெட்டி இருக்கு. கன்வெர்ட்டர்னு பேரு. நானே ஒண்ணு செஞ்சு தாரேன்."

எனக்குப் பிடிபடவில்லை. நம்பரை எப்படிக் கேட்பது? வீட்டில் வந்து சொன்னேன். மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது.

"எங்க பாட்டுப் புஸ்தகத்துல டோ ரே மீன்னு சொல்ஃபா எழுதியிருக்குல்ல, அது மாதிரிதான். எழுதி வச்சா பாட்டாயிருமா? யாராவது வாயத் திறந்து பாடணும். அந்தப் பெட்டிதான் பாடுற ஆளு."

"ஒரே எழுத்துதான். எந்தப் பெட்டி பாடுனா என்ன?"

"ஒரே எழுத்ததான் நானும் பாடுறேன், பக்கத்து வீட்டு அக்காவும் பாடுறாக. ரெண்டும் ஒண்ணா?" என்றாள். பக்கத்து வீட்டு அக்கா பாடினால் எங்கள் தெரு நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். எனக்கும் புரிந்தது.

மெக்கானிக் சென்னையிலிருந்து சில்லு வரவழைத்து, தகரத்தை மடக்கிப் பச்சைப் பெயின்ட் அடித்து ஒரு பெட்டி செய்து முடித்த அதே வாரம் மச்சினன் லீவில் வந்து இறங்கினான். அவன் கையிலும் ஒன்று. கறுப்பு அலுமினியப் பெட்டி, முகத்தில் நீலமாக ஒரு சின்ன விளக்கு. அவனோடு அறையில் தங்கியிருந்த ஆள், "உங்க அத்தானுக்குப் பிடிச்சா வச்சுக்கட்டும், இல்லேன்னா திருப்பிக் கொண்டா" என்று கொடுத்துவிட்டிருந்தாராம். மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். பத்து நாளில் மச்சினன் கிளம்புவான். அதற்குள் இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தாக வேண்டும்.

"அத்தானுக்கா சொல்லணும்? மில்லே அவுக காத நம்பித்தான ஓடுது" என்றான் மச்சினன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பெட்டியைத் தேர்வது சின்ன விஷயம்தான். ஆனால் என் காதுக்கு வீட்டுக்குள் நடக்கும் முதல் பரீட்சை அது. ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

பகலில் கேட்க முடியாது. சுற்று வட்டாரத்தில் பம்ப்செட் ஓடும் நேரம் கரண்ட் இளைத்துப் போய், விளக்கே மஞ்சளாக அழும். நாலு மணிக்குமேல் தெளியும். அந்த நேரத்தில் கேட்டேன். மச்சினன் கொண்டுவந்த ஒரு புல்லாங்குழல் தட்டு. குழலுக்குப் பின்னால் மிருதங்கம், அதற்கும் பின்னால் யாரோ மெல்ல வெண்கலக் கைத்தாளம் தட்டுகிறார்கள். கறுப்புப் பெட்டியில் குழல் கத்தி போல் வந்தது. ரொம்ப உன்னிப்பாகக் கேட்டால் அந்தத் தாளம், தூரத்தில் எங்கோ ஒரு சின்னச் சிணுங்கலாக இருந்தது. பச்சைப் பெட்டிக்கு மாற்றினேன். குழல் இதமாக, பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி வந்தது. தாளத்தைக் காணோம்.

"இந்தப் பெட்டி தாளத்தத் தின்னுருச்சு" என்றேன்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "தாளம் இருக்கே. நல்லாத்தான கேக்குது."

"எங்க இருக்கு?"

"இந்தா, இப்ப. இந்தா." அவள் விரல் காற்றில் தட்டியது. எனக்கு மிருதங்கம் மட்டும் கேட்டது. பழக்கத்தில் அவளாகத் தாளம் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மறுநாள் பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஜாருக்குப் போனேன். கடையில் இருந்த பிளேயரில் தட்டைப் போட்டு மெக்கானிக் கேட்டார். "சட்டியில இருக்கறது அகப்பையில வருது அண்ணாச்சி. தாளம் சுத்தமா இருக்கு" என்றார்.

"காக்காவுக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. நீரு செஞ்ச பெட்டிய நீரு விட்டுக்குடுப்பீரா?" என்றேன். வார்த்தை தடித்தது. கடைக்கு வந்த இரண்டு பேர் ஒதுங்கி நின்றார்கள். அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த துணியால் பெட்டியை ஒருமுறை துடைத்தார்.

"எத்தன வருசமா மில்லுல இருக்கீக?"

"இருபத்திரண்டு வருசம்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பெட்டியை என் கையில் கொடுத்து, "இன்னும் ரெண்டு நா வச்சுக் கேளுங்க. வீட்ல அவுகளையும் கேக்கச் சொல்லுங்க" என்றார். ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்கு உறைக்கவே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் காதும் அப்படித்தான்.

மச்சினன் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, சாயங்காலம், ஒரு பந்தயம் வைத்தோம். இரண்டு பெட்டியையும் மேசையில் வைத்துப் போர்வையால் மூடியாயிற்று. மச்சினன் பின்னால் நின்று வயரை மாற்றி மாற்றிச் சொருகி, "இது ஒண்ணு", "இது ரெண்டு" என்று மட்டும் சொல்வான். எது எந்தப் பெட்டி என்று சொல்ல மாட்டான். நல்லது எது என்று நாங்கள் இருவரும் தனித்தனியே எழுத வேண்டும். எழுதத் தாள் தேடினாள் மனைவி. வேதாகமத்துக்குள் பழைய வாக்குத்தத்த அட்டைகள் இருந்தன. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் சர்ச்சில் கண்ணை மூடி எடுப்போமே, வசனம் அச்சடித்த அந்தச் சிறிய அட்டைகள். அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்கென்று சொல்கிற சொல் அது என்பது எங்கள் நம்பிக்கை. அதன் முதுகில் எழுதினோம். வெகு வருடங்களுக்குப் பிறகு, பாட்டு ஓடும்போது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது. குழல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே விழுந்த வெயில் தரையில் நகர்ந்து அவள் பாதம் வரை வந்தது. எங்கேயோ கிறங்கிக் கிடந்தேன். மச்சினன் "ரெண்டு" என்று சொன்னபோதுதான் பென்சில் கையில் இருப்பது நினைவுக்கு வந்தது.

நாலு முறை நடந்தது. போர்வையை விலக்கி அட்டைகளைத் திருப்பினோம். மனைவி நாலு தடவையும் பச்சைப் பெட்டி. நான் நாலு தடவையும் கறுப்புப் பெட்டி.

மச்சினன் சிரித்தான். "ரெண்டு பேரும் நாலுக்கு நாலு. யாரு சொல்றத எடுக்க?"

"தாளம் கேக்குற பெட்டியத்தான் எடுக்கணும்" என்றேன்.

"ரெண்டுலயும் கேக்குதே அத்தான்" என்றான் அவன்.

அப்போது கரண்ட் போனது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. கறுப்புப் பெட்டியின் நீல விளக்கு அணைந்தது. வெயில் இறங்கி, கொல்லைப்பக்கம் வேலிக்கருவை கருநிழலாக நின்றது. வீடு முழுவதும் அப்படியோர் அமைதி, தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல. எனக்கு அது பிடிக்கும். மில்லில் இருபத்திரண்டு வருடம் இரைச்சல் கேட்டவனுக்கு அது பிடிக்காமல் என்ன செய்யும்?

"எவ்வளவு அமைதி பாத்தியா மாப்ள" என்றேன். "முந்தியெல்லாம் இந்நேரம் சில்வண்டு காதப் பிச்சுரும். மழை இல்லாம அதுவும் அத்துப் போச்சு."

மச்சினன் என்னைப் பார்த்தான். "என்ன அத்தான் சொல்றீக? இப்பவே நீங்க பேசுறது எனக்குக் கேக்க மாட்டேங்குது, அந்தக் கத்து கத்..."

அவன் வாய் பாதியில் நின்றது. ஏனென்றால் மனைவி அவனைப் பார்த்துக் கையைக் காட்டியிருந்தாள். மடிக்குக் கொஞ்சம் மேலே, நான் பார்க்க மாட்டேன் என்று நினைத்து, உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே அமுக்கினாள். நிறுத்து. மில் பாஷை. அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

அவர்கள் ஏதாவது பேசினார்களா என்று எனக்குத் தெரியாது, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சினன் செருப்பை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போகிறேன் என்று வெளியே போனான்.

"எத்தன வருசமாத் தெரியும்?" என்று கேட்டேன்.

"டேப்பு காலத்துல இருந்தே."

"நான் பாட்டுப் போட்டா நீ எந்திரிச்சுப் போறது?"

அவள் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாள். "நீங்க அந்தத் திருகக் கடைசி வரைக்கும் திருப்பிருவீக. எனக்குக் காதுல ஊசி வச்சுக் குத்துற மாதிரி இருக்கும். கொல்லையில இருந்தா அவ்வளவா தெரியாது. அங்க இருந்து கேப்பேன்."

"கேப்பியா?"

"எல்லாப் பாட்டும் கேட்டிருக்கேன்."

அத்தனை வருடம், அத்தனை சாயங்காலம். அவளுக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளோ வெயிலில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டு, நான் கேட்டதையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"காதால சோறு திங்கிற மனுசன்கிட்ட அத எப்படிங்க சொல்ல?" என்றாள்.

அழுகை வந்தது, அழுதேன். சொல்வதில் வெட்கமில்லை. காது போயும் எனக்கு மில் வேலை எப்படி ஓடியது என்று பின்னால் மதுரையில் ஒரு காது டாக்டர் விளக்கினார். பேரிங் இரைவது கனத்த சத்தம், அதை எலும்பு வழியாக நான் வாங்கிக்கொண்டிருந்தேன். மில் இரைச்சலில் போனது மேல்சத்தம் மட்டும். சில்வண்டு, கொலுசு, கைத்தாளம், பேச்சில் பாதி மெய்யெழுத்து. அந்தப் பாதியை மில்லில் பழகிய கண், உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. பரிசோதித்த அறையில் அவர் கையில் இருந்த சீட்டைப் பார்த்தபோது எனக்கு வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருந்தது.

மச்சினன் கிளம்பும்போது கறுப்புப் பெட்டியை அவன் பையில் நானே வைத்தேன். பஜாருக்குப் போய் மெக்கானிக்கிடம், "பெட்டி எனக்கே இருக்கட்டும்" என்றேன். அதற்கு மேல் மன்னிப்பாக ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் டீ சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் ட்ரெபிள் திருகைப் பிடித்து, பழையபடி நடுவுக்குக் கொண்டுவந்தேன். குழல் தட்டைப் போட்டேன். எனக்கு அது போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. பரவாயில்லை. மனைவி கொல்லையைப் பார்த்தாள், சுளகைப் பார்த்தாள், பிறகு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தாளம் விழும் இடமெல்லாம் என் முழங்காலில் விரலால் தட்டினாள். நான் கேட்காத தாளம் ஒன்று விடாமல் எனக்கு வந்து சேர்ந்தது. அவள் கண் மூடியிருந்தது. அப்படியொரு முகத்தோடு அவள் பாட்டுக் கேட்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

தட்டு முடிந்தது. எழுந்து போய் நிறுத்தினேன். நீல விளக்கு இல்லை அந்தப் பெட்டியில், ஒன்றும் அணையவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் கொல்லைப்பக்கம் வேலிக்கருவையை நோக்கி முகத்தைத் திருப்பியிருந்தாள். ஆள்காட்டி விரலை மேலே நீட்டி, எனக்குத் தெரியும்படி, மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தாள். இன்னும் ஓடுது.

நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். பொழுது இருட்டி விரல் தெரியாமல் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்தவில்லை.